ரோமின் கல் தரையும் நம் கால்களும்: ஐரோப்பா சுற்றிப் பார்க்க என்ன உடுத்தலாம்?

வணக்கம் மக்களே! என் முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையைப் பாருங்கள். கேமராவைக் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? கறுப்புக் கல், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் சதுரம். இந்த இடம் ரோம் நகரத்தில் திராஸ்தேவெரே. இந்தக் கல்லை இங்கே சாம்பியெத்ரீனி என்கிறார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கல்லை வெட்டி, மணல் பரப்பி, ஒவ்வொன்றாக அடித்து இறக்குவார்கள். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிற வேலை இது. மேல்பக்கம் பழைய அம்மி மாதிரி தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடுக்கைப் பாருங்கள், என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது. ஹீல்ஸ் போட்டு வந்தால் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். லேசாகத் தூறினால் போதும், வழுக்கவும் செய்யும்.

ஐரோப்பாவுக்கு என்ன டிரஸ் எடுத்துப் போவது என்று கேட்கிற எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஜாக்கெட் எவ்வளவு தடிமன் வேண்டும், தெர்மல் வாங்கலாமா, மங்கி குல்லா தேவையா. ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் வருகிற நம் ஆட்களைப் படுத்தி எடுப்பது குளிர் இல்லை, இந்தத் தரைதான். பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து, வரிசையில் நின்று, படி ஏறி, மறுபடி நடந்து, ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் காலடி சர்வ சாதாரணமாக வந்துவிடும். அதனால் இன்றைக்குக் காலிலிருந்து மேலே போவோம். தொப்பிக்குக் கடைசியில் நேரம் இருந்தால் சரி.

இது என் ஷூ. பிராண்டைக் காட்டவில்லை, அது முக்கியமும் இல்லை. கடையில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கையில் ஷூவின் முன்பக்கத்தையும் மறு கையில் குதிகால் பக்கத்தையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், இப்படி. நட்டநடுவில் துணி மாதிரி மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த மாதிரி ஷூவில் இந்தத் தெருவில் நடந்தால் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் பாதத்தில் தெரியும். அடியில் ரப்பர் வரி வரியாக, ஆழமாக இருக்கட்டும். ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஊரில் சுற்றும்போதும் அதே அளவுதான் வரும். போடப்போகிற சாக்ஸையும் கையோடு கொண்டு போய், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

புது ஷூவை ஏர்போர்ட்டில் பிரித்துப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டாம், ப்ளீஸ். இரண்டு மூன்று வாரம் மார்க்கெட்டுக்கும் மொட்டை மாடிக்கும் போட்டு நடந்து, கடிக்கிற இடம் எது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள். சாக்ஸும் முக்கியம். நூறு ரூபாய்க்கு மூன்று ஜோடி கிடைக்கிற பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். ஈரத்தோல் உரசினால் கொப்புளம்தான். கம்பளி கலந்ததோ, விளையாட்டுக்காரர்கள் போடுகிற செயற்கை நூல் சாக்ஸோ நான்கு ஜோடி போதும். மீறிக் கொப்புளம் வந்தால் பச்சை நிறச் சிலுவை விளக்கு எரிகிற கடையைத் தேடுங்கள், அதுதான் மருந்துக்கடை. கொப்புளத்துக்கென்றே தனிப் பிளாஸ்டர் வைத்திருப்பார்கள்.

இது ரோமுக்கு மட்டும் இல்லை. லிஸ்பன் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பதித்து அழகழகாகக் கோலம் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஊரே மேடும் பள்ளமும், மழை பெய்தால் அந்த வெள்ளைக் கல்லில் இறங்குவது சர்க்கஸ். ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் மேலே இருக்கிற பாறையும் பளிங்கும் லட்சக்கணக்கான கால்கள் பட்டு மின்னுகின்றன. கிரேக்க நாட்டில் பழைய நினைவுச்சின்னங்களுக்குள் ஹை ஹீல்ஸுக்கு 2009-இலிருந்து தடையே இருக்கிறது. விழுந்துவிடுவோம் என்று இல்லை, குத்திக் குத்திக் கல் கெட்டுப்போகிறதாம்.

சரி, நடந்துகொண்டே பேசுகிறேன். இது வியா தெல்லா லுங்காரா, நேராகப் போனால் வாட்டிகன் பக்கம் கொண்டுபோய்விடும்.

இப்போது மேலே என்ன போட்டிருக்கிறேன் பாருங்கள். உள்ளே மெல்லிய டி-ஷர்ட். அதன்மேல் பட்டன் திறந்துவிட்ட முழுக்கைச் சட்டை. அதற்கும் மேலே தலைமூடி வைத்த மழை ஜாக்கெட். இந்த ஜாக்கெட்டைச் சுருட்டினால் அதன் பாக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், ஒரு மாம்பழ அளவு. ஏப்ரல் கடைசியில் ரோமில் விடியற்காலை 8, 10 டிகிரி. மத்தியானம் 20. நிழலான சந்துக்குள் போனால் குளிர்கிறது, சதுக்கத்துக்கு வந்தால் வெயில் அடிக்கிறது, ரயிலுக்குள் ஹீட்டர். ஒரு நாளில் பத்துத் தடவை கழற்றி மாட்டுகிற ஊர் இது. இங்கே ஒரே ஒரு தடித்த ஜாக்கெட் வைத்திருப்பவர் பாவம். போட்டால் வேர்க்கும், கழற்றினால் நாள் முழுக்கக் கையில் சுமக்க வேண்டும். அந்த லெதர் ஜாக்கெட் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. போட்டோ எடுக்க ஒரு நிமிடம், தூக்க எட்டு மணி நேரம்.

ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர் வீட்டில் இருக்கிறதா? தாராளமாக எடுத்து வாருங்கள். சட்டைக்கும் மழை ஜாக்கெட்டுக்கும் நடுவில் அது போதும். டிசம்பர், ஜனவரியில் பிராக், வியன்னா என்று போகிறவர்களுக்கு மட்டும் தெர்மல் வேண்டும். அப்போது உள்ளாடையாகப் பருத்தி பனியன் வேண்டாம். திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இங்கே கடைகளில் தொங்குகிற டி-ஷர்ட்டில் எத்தனையோ உங்கள் ஊரில் தைத்தவைதான். ஆனால் படியேறி வியர்த்த பருத்தி குளிர்காலத்தில் காயாமல் முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும், வெளியே வந்ததும் நடுக்கம் எடுக்கும். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு காக்கும்.

ஜீன்ஸைப் பற்றி என் கட்சி கொஞ்சம் வித்தியாசம். வெளிநாடு என்றாலே மூன்று ஜீன்ஸ் எடுத்து வைப்பது நம் பழக்கம். கனம், நனைந்தால் இரண்டு நாள் காயாது, உட்கார்ந்து எழுந்தால் முழங்காலைப் பிடிக்கும். ஒன்று போதும், அதையும் விமானத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த மெல்லிய பேன்ட். தொடை இடுக்கில் உரசல் வருகிறவர்கள் உள்ளே சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டால் சாயங்காலம் நிம்மதியாக இருக்கும். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிட்டேன்.

குடையா, ஜாக்கெட்டா? ரோமுக்கு எது வேண்டுமானாலும் சரி. ஆம்ஸ்டர்டாம், எடின்பரோ போனால் குடை எடுக்காதீர்கள். காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடிதான் கை கொடுக்கும்.

ஜூன், ஜூலையில் வருகிறவர்களுக்கு இன்னொரு கதை. ஐரோப்பா என்றால் எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாரிஸில் 2019 ஜூலை 25 அன்று 42.6 டிகிரி. லண்டனில் 2022 ஜூலை 19 அன்று 40 டிகிரியைத் தாண்டியது. நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. பழைய கட்டடங்களில் இருக்கிற ஹோட்டல் பலவற்றில் ஏசி கிடையாது. இரவு பத்து மணி வரை வெளிச்சம் வேறு. அப்போது தொளதொளவென்று லினன் சட்டை, பருத்தி குர்தா எல்லாம் ராஜா. அதே நாளில் பாரிஸில் பழைய எலும்புகளை அடுக்கி வைத்திருக்கிற கேட்டகோம்ப் சுரங்கத்துக்குள் இறங்கினால் 14 டிகிரிதான், எந்தக் காலத்திலும். அதனால் ஜூலையானாலும் ஒரு முழுக்கைச் சட்டை பையில் இருக்கட்டும்.

பேக்கேஜ் டூரில் சுவிட்சர்லாந்தும் வரும் இல்லையா? யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இன்டர்லாகனில் டி-ஷர்ட் போட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பீர்கள், மேலே பனியில் நிற்பீர்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் கையுறையும் காதை மூடுகிற குல்லாவும். உங்கள் மங்கி குல்லா ஆசை அங்கே நிறைவேறட்டும்.

ஒரு நிமிடம், தண்ணீர் பிடித்துக்கொள்கிறேன். தெருவோரத்தில் இந்த மாதிரி இரும்புக் குழாய் ரோம் முழுக்க இருக்கிறது, குடிக்கிற தண்ணீர், காசு கிடையாது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், அப்படியே குடிக்கலாம். பார்த்தீர்களா! சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு செய்யுங்கள்.

இதோ புனித பேதுரு சதுக்கம் வந்துவிட்டது. வரிசையைப் பாருங்கள், வளைந்து அந்தத் தூண் வரைக்கும் போகிறது. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது, ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இது ஆண்களுக்கும்தான். அரை டிராயர் போட்டுக்கொண்டு இவ்வளவு நேரம் வெயிலில் நின்று, வாசலில் திரும்பிப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்? பக்கத்திலேயே மெல்லிய துணி விற்றுக்கொண்டு நிற்கிறார்கள், விஷயம் தெரிந்தவர்கள். நமக்கு அது தேவையே இல்லை. ஒரு பருத்தி துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் தோளுக்கு, வெயிலில் தலைக்கு, விமானத்தில் போர்வைக்கு, பூங்காவில் விரித்து உட்கார. என் பெட்டியில் அதிகம் உழைக்கிற உருப்படி அதுதான். தென் இத்தாலியில் சொரெந்தோ மாதிரிக் கடலோர ஊர்களில் நீச்சல் உடையிலும் சட்டை இல்லாமலும் தெருவில் நடந்தால் அபராதமே உண்டு.

மேலே அந்தக் குவிமாடம் தெரிகிறதா? அதன் உச்சிக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி பாக்கி இருக்கும். போகப் போகப் பாதை குறுகும், குவிமாடத்தின் வளைவோடு சுவரும் சாயும், நாமும் சாய்ந்துகொண்டே ஏற வேண்டும். கடைசியில் சுருள் படி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அங்கே தரையில் புரளுகிற துப்பட்டா, பாவாடை, அகல ஃபிளேர் பேன்ட் எதுவும் வேண்டாம், பின்னால் வருகிறவர் மிதித்துவிடுவார். துப்பட்டாவை இப்படி இடுப்பில் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, அங்கே லிஃப்டும் இல்லை.

அம்மாவுக்குப் புடவைதான், வேறெதுவும் உடுத்த மாட்டார் என்கிறவர்களுக்கு: புடவையே கட்டட்டும். உள்பாவாடைக்குள் லெகிங்ஸ், கணுக்காலுக்கு மேலே இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டி, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. எஸ்கலேட்டர் நிறைய வரும் என்பதால் முந்தானையைப் பின் குத்தி இடுப்பில் செருகிவிடுங்கள். புடவைக்கு ஷூவா என்று யாராவது பார்த்தால் அது நம்மோடு டூரில் வந்தவர்களாகத்தான் இருக்கும், இந்த ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தாலிச் செயினைக் கழுத்து மூடிய ரவிக்கைக்கு உள்ளே விடச் சொல்லுங்கள்.

பிக்பாக்கெட் பயம் இங்கே நிஜம். ரயில் நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் வருகிற 64-ஆம் எண் பஸ் அதற்கே பேர் போனது. கிளம்புமுன் உங்கள் தெரு டெய்லரிடம் பேன்ட்டைக் கொடுத்து, இடுப்புப் பட்டிக்கு உள்பக்கமாக ஜிப் வைத்து ஒரு பாக்கெட் தைக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நுழைகிற அளவு. வெளிநாட்டு மணி பெல்ட் வாங்குவதைவிட இது உடம்போடு ஒட்டி இருக்கும், விலையும் சொற்பம்.

எத்தனை செட்? பத்து நாளுக்கு நான்கு மேல்சட்டை, இரண்டு பேன்ட், ஒரு ஸ்வெட்டர், ஒரு மழை ஜாக்கெட். முறைக்காதீர்கள். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி ஏறிப் பெட்டியைத் தூக்கும்போது என்னை வாழ்த்துவீர்கள். ஒரே சட்டையில் கொலோசியமும் ஈபிள் கோபுரமும் வந்தால் என்ன, உங்கள் ஆல்பத்தை இன்ஸ்பெக்டர் வந்தா பார்க்கப் போகிறார்? துவைக்க ஒரு வழி சொல்கிறேன். நம் ஈரிழைத் துண்டு ஒன்று எடுத்து வாருங்கள். இரவு டி-ஷர்ட்டைக் குளியலறையில் அலசி, துண்டின்மேல் விரித்து, பாய் சுருட்டுகிற மாதிரி இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் முழங்காலை வைத்து அழுத்துங்கள். தண்ணீர் பூராவும் துண்டுக்குப் போய்விடும். ஹேங்கரில் போட்டால் காலையில் டி-ஷர்ட்டும் காய்ந்திருக்கும், துண்டும் காய்ந்திருக்கும். ஹோட்டலின் தடித்துண்டில் செய்தால் அவர்கள் துண்டு நாறும். அப்பாவுக்கு இரவில் லுங்கி, கேட்கவே வேண்டாம்.

சரி, ஸ்கேனர் கிட்டே வந்துவிட்டேன். விமான நிலையம் மாதிரி பையையும் பெல்ட்டையும் தட்டில் போடச் சொல்கிறார்கள். எனக்குப் பெல்ட் இல்லை, எலாஸ்டிக். தொப்பியைப் பற்றிப் பேசவே இல்லையே? அகல விளிம்பு, தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறு, உள்ளே போகும்போது ஆண்கள் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். 551 படிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறேன். மேலிருந்து எடுக்கிறதை நாளைக்குப் போடுகிறேன்.