ஆந்தையோடு வந்த ரிஷபம்

வணக்கம் நேயர்களே. பிடித்த திரையிசை எதையாவது எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தில் சொன்னார்கள். நான் ஒரு ஆந்தையின் மெட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

2001இல் வந்த முதல் ஹாரி பாட்டர் படம். இசை ஜான் வில்லியம்ஸ். படம் தொடங்கும்போது ஓர் இருட்டுத் தெரு, பெயர்ப் பலகை மேல் ஒரு ஆந்தை, கூடவே யாரோ கண்ணாடி மணிகளை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், ஞாபகம் இருக்கிறதா? அந்த மெட்டுக்கு ஹாரியின் வெள்ளை ஆந்தையான ஹெட்விக்கின் பெயரைத்தான் வைத்தார். ஆனால் அந்தப் பறவை இல்லாத காட்சிகளிலும், மந்திரம் எங்கே லேசாக எட்டிப் பார்த்தாலும், இதுதான் வரும். படம் முடிவதற்கு முன்பே டிரெய்லருக்காக எழுதிய இசையில் முதலில் வந்த மெட்டு இது, அப்புறம் படத்தையே பிடித்துக்கொண்டது. மூன்று படங்களோடு வில்லியம்ஸ் விலகினார். பின்னால் வந்த பேட்ரிக் டாய்ல், நிக்கோலஸ் ஹூப்பர், அலெக்ஸாண்டர் டெஸ்ப்ளா மூவரும் தங்கள் பாணியில்தான் எழுதினார்கள், ஆனாலும் இந்த மெட்டை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை.

அந்தக் கண்ணாடிச் சத்தம் செலஸ்டா என்கிற வாத்தியத்துடையது. பார்க்கச் சின்ன பியானோ மாதிரி இருக்கும், உள்ளே கம்பிக்குப் பதில் எஃகுத் தகடுகள், அவற்றைத் தட்டக் கம்பளி ஒட்டிய சுத்திகள். 1886இல் பாரீஸில் செய்தார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இதை அங்கே பார்த்து மயங்கிப்போய், தன் பதிப்பாளரிடம் ஒன்று வரவழைக்கச் சொல்லி, யாருக்கும் காட்டிவிடாதீர்கள், ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாஸுனோவும் எனக்கு முன்னால் பயன்படுத்திவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டாராம். எவ்வளவு பெரிய மேதை, இதில் மட்டும் சின்னப் பையன்! 1892இல் 'நட்கிராக்கர்' பாலேயில் ஒரு தேவதையின் நடனத்துக்கு அதை வைத்தார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே மாயம்தான்.

ஆனால் வாத்தியம் பாதிதான். மீதி ஸ்வரத்தில் இருக்கிறது, நம் கணக்கிலேயே சொல்கிறேன். திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக எண்ணுகிற நடையில், தாலாட்டு மாதிரி அசைகிற மெட்டு. முதல் வரி ப, ஸ க ரி ஸ ப ம ரி. காந்தாரம், அதாவது க, சாதாரணம்; ரிஷபம், அதாவது ரி, சதுஸ்ருதி, சுத்த ரிஷபத்தைவிட ஒரு படி உயர்ந்தது. தைவதமும் நிஷாதமும், அதாவது தவும் நியும், இன்னும் வரவில்லை, கரகரப்பிரியா ராகமா கீரவாணி ராகமா என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் சமர்த்தாக ஏதோ ஒரு மேளத்துக்குள், அதாவது ஒரு தாய் ராகத்துக்குள், உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வரியும் அதே மாதிரி ஸ க ரி என்று தொடங்கி, ஸ-வுக்கு ஒட்டிக் கீழே இருக்கும் காகலி நிஷாதத்தைத் தொட்டுவிட்டு, ஸட்ஜத்துக்கு, அதாவது ஸ-வுக்கு, வரப்போகிறது என்று நாம் நினைக்கும்போது அதைத் தாண்டி, ஸ-வுக்கு ஒட்டி மேலே இருக்கும் சுத்த ரிஷபத்தில் குதித்து, அங்கிருந்து கீழே பஞ்சமத்தில் போய் விழுகிறது. ஒரே வரியில் இரண்டு ரிஷபம். ஸட்ஜத்தின் இரண்டு பக்கத்தையும் உரசியாயிற்று, திரும்பி வந்து ஸட்ஜத்தில் மட்டும் கால் வைக்கவில்லை.

நான் குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறவன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இதைக் காதால் கேட்டே வாசித்துக்கொண்டு வந்தாள், அந்த இடத்தில் மட்டும் பழைய ரிஷபத்தையே வைத்துவிட்டாள். தப்பு என்றுகூடத் தோன்றவில்லை, அழகாகவே இருந்தது, ஆனால் ஆந்தையைக் காணோம். சரியான கட்டையைக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கையை எடுத்து, "சார், இது பயமா இருக்கு" என்றாள். தாலாட்டுக்குள் கொஞ்சம் பயத்தை வைக்கிற துணிச்சல்தான் எனக்கு வில்லியம்ஸிடம் பிடித்தது. குழந்தைகள் படம்தானே என்று வெறும் சர்க்கரையை அள்ளிப் போட்டிருக்கலாம், அவர் போடவில்லை.

வேடிக்கையும் தெரிந்த மனிதர். கச்சேரி மேடைக்காகத் தனியாக எழுதிய குழந்தைகள் தொகுப்பில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வாத்தியக் கூட்டத்துக்கு. மூன்று தலை நாயைத் தூங்க வைக்கும் காட்சிக்கு ஹார்ப்போடு கான்ட்ரா பசூனைச் சேர்த்திருக்கிறார். நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட 5 மீட்டர் வரும் குழாய் அது, அடிவயிற்றிலிருந்து உறுமும். அங்கே அதற்கு வேலை குறட்டை விடுவது!

அந்த வருட ஆஸ்கார் பட்டியலில் இந்த இசை இருந்தது, விருது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் படத்துக்கு இசையமைத்த ஹோவர்ட் ஷோருக்குப் போனது. அதுவும் நியாயம்தான், சண்டைக்கு வரவில்லை.

சரி, ஒலிப்பதிவு அறையில் தயாராக வைத்திருக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியில் அந்தச் சின்ன ரிஷபம் வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். போடலாம்.