நடந்து போகிறவர்களும் ஆட்சேபம் எழுத வேண்டும்

(மும்பை, செம்பூரில் தமிழ்க் குடியிருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். முலுண்டிலிருந்து குர்லாவில் வண்டி மாறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். கட்டடங்களில் கார் நிறுத்த இவ்வளவு இடம் கட்டாயம் விட வேண்டும் என்கிற விதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொடங்கும் முன் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு இங்கே காரில் வந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்.

ஏழு கை. சரி, இறக்கிவிடுங்கள். மற்ற எல்லோரும் லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்திருக்கிறோம், கடைசிக் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறோம். மும்பைப் பெருநகரப் பகுதிக்காக 2008-இல் முடிந்த போக்குவரத்து ஆய்வு சொன்னதும் இதைத்தான்: இங்கே நடக்கும் பயணங்களில் பாதிக்கும் மேல் நடைப்பயணம்.

எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தில், பன்னிரண்டு வருஷம் செக்ரட்டரியாக இருந்தேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தண்ணீர் டேங்க் விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பார்க்கிங் என்று பேச்செடுத்தால் ராத்திரி பதினொன்றாகும். அத்தனை வருஷமும் பேசியவர்கள் கார் வைத்திருந்தவர்கள் மட்டும்தான். மூன்றாம் மாடியில் ஓர் அம்மா இருந்தார். கணவர் இல்லை, வண்டி இல்லை. மற்றவர்கள் கட்டும் அதே மெயின்டெனன்ஸைத்தான் அவரும் கட்டினார். ஒரு தடவைகூட அவர் எழுந்து பேசியதில்லை. “உங்கள் கருத்து என்னம்மா?” என்று நானும் கேட்டதில்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் மனசில் இருக்கிறது. அவருக்கும் அந்த இடத்தில் பங்கு இருந்தது. தஹிசர் சொசைட்டி ஒன்றின் வழக்கில் 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1963-ஆம் வருஷத்து மகாராஷ்டிர அடுக்ககச் சட்டத்தின்படி, தூண்களுக்கு நடுவில் இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப் பகுதி, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று சொன்ன தீர்ப்பு அது.

எங்கள் சொசைட்டியில் நடந்ததுதான் நகரம் முழுக்க நடக்கிறது.

ஒரு கட்டடத்தில் எத்தனை கார் நிற்க இடம் விட வேண்டும் என்பதை பில்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. 2018-இல் நடைமுறைக்கு வந்த, 2034 வரைக்குமான மும்பை வளர்ச்சி விதிகளில் அதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. 45 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளென்றால் நான்குக்கு ஒரு கார் இடம். 60 வரை என்றால் இரண்டு வீட்டுக்கு ஒன்று. 90 வரை வீட்டுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் ஒரு வீட்டுக்கு இரண்டு. விருந்தாளிகளின் வண்டிக்குத் தனியாக வேறு. சின்ன வீட்டுக்குக் குறைவாகக் கேட்டிருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஸ்டேஷன் வாசலில் கட்டினாலும் சரி, பஸ்ஸே போகாத மூலையில் கட்டினாலும் சரி, அட்டவணை பார்ப்பது வீட்டின் அளவைத்தான்.

இந்த இடம் எவ்வளவு என்று நாம் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை. இப்போது போடுவோம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்தரை மீட்டர், கிட்டத்தட்ட 148 சதுர அடி. அதோடு முடியாது. கார் உள்ளே வர வேண்டும், திரும்ப வேண்டும், சரிவில் ஏற வேண்டும். தில்லியின் 2021 மாஸ்டர் பிளான் அதையெல்லாம் சேர்த்தே கணக்கிட்டது. திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், அடித்தளத்தில் 32 சதுர மீட்டர். 32 சதுர மீட்டர் என்றால் 344 சதுர அடி. நம் ஊரில் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு, அதாவது தாத்தா பாட்டி பிள்ளைகள் சமையலறை கழிப்பறை எல்லாவற்றுக்கும் சேர்த்து, 300 சதுர அடி. அதற்கு முன்னால் 269-ஆக இருந்தது. தாராவியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் இன்னொன்று. ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஒரு வரம்பு உண்டு. வீட்டின் ஒவ்வொரு சதுர அடியும் அந்தக் கணக்கில் வரும். விதி கேட்கிற பார்க்கிங் அதில் வராது. அதனால்தான் ரீடெவலப்மென்ட் என்று பழையதை இடித்துப் புதிதாகக் கட்டிய கட்டடங்களில் கீழே நாலு மாடி, ஆறு மாடிக்கு போடியம், அதாவது கார் மட்டும் நிற்கும் மாடிகள், எழும்புகிறது. முதல் மனிதர் குடியிருப்பது ஏழாவது மாடியில். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னலாவது இருக்கிறதா? முன்பு திண்ணையிலும் பால்கனியிலும் உட்கார்ந்திருந்தவர்கள் தெருவில் விளையாடும் பிள்ளைகள்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். இன்றைக்குத் தெருவைப் பார்த்து நிற்பது கம்பி வலையும் சிமென்ட் சுவரும்தான். அந்த மாடிகளைக் கட்டிய கான்கிரீட்டுக்கும் லிஃப்டுக்கும் ஆகும் செலவு வீட்டு விலையில்தான் ஏறுகிறது. கார் இல்லாதவரும் அதைச் சேர்த்தே கட்டுகிறார்.

“இடம் விடாவிட்டால் எல்லா வண்டியும் தெருவில்தானே நிற்கும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் இடம் விட்ட கட்டடங்களின் வாசலிலும் இன்று வண்டிகள் தெருவில்தான் நிற்கின்றன, ஏனென்றால் தெரு இலவசம். 2019 ஜூலையில் மாநகராட்சி பொதுப் பார்க்கிங் இடங்களுக்கு அருகே தெருவில் நிறுத்தும் கார்களுக்கு 10,000 ரூபாயிலிருந்து அபராதம் போடத் தொடங்கியது. நகரமே அதைப் பற்றித்தான் பேசியது. தெருவை ஒழுங்குபடுத்துவது ஒரு வேலை. ஒவ்வொரு கட்டடத்திலும் கார் மாடி கட்டச் சொல்வது வேறு வேலை. இரண்டாவதைச் செய்தால் முதலாவது தானாக நடக்காது. ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டார்கள்: கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். அங்கே பொறுப்பு கார்காரர் தலையில். இங்கே அது எல்லா வீட்டுக்காரர் தலையிலும் விழுகிறது. லண்டன் 2004-இல் குறைந்தபட்சம் இவ்வளவு என்பதை எடுத்துவிட்டு, இவ்வளவுக்கு மேல் கூடாது என்று திருப்பி எழுதியது. மெக்சிகோ சிட்டி 2017-இல் அதே வழியில் போனது. ஆம்புலன்ஸ் நிற்க, சக்கர நாற்காலியில் வருபவர் இறங்க இடம் கட்டாயம் வேண்டும். அதைக் குறைக்கச் சொல்ல நான் வரவில்லை.

கட்டாயக் கார் இடத்தைக் குறையுங்கள் என்று சொல்ல நமக்கு வழி இருக்கிறது. 1966-ஆம் வருஷத்து மகாராஷ்டிர நகரத் திட்டச் சட்டப்படி, நகர வளர்ச்சிக்கு ஒரு வரைவுத் திட்டம் வந்தால் பொதுமக்களிடம் ஆட்சேபமும் யோசனையும் கேட்க வேண்டும். பிறகு ஒரு குழு உட்கார்ந்து அவற்றை விசாரிக்க வேண்டும். 2015 பிப்ரவரியில் வெளிவந்த மும்பை வரைவை நினைத்துப் பாருங்கள். மரங்கள் அடர்ந்த ஆரே காலனியைக் கட்டடங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள் என்று ஒரு கோபம். பாரம்பரியக் கட்டடங்களை வரைபடத்தில் தப்பாகக் குறித்திருந்தார்கள், சிலவற்றை விட்டே விட்டார்கள் என்று இன்னொரு கோபம். பல்லாயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. ஏப்ரலிலேயே அரசு அந்த வரைவைத் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டது. சாதாரண மனிதர்கள் எழுதிய காகிதம் ஒரு நகரத்தின் வரைபடத்தை மாற்றியது.

ஆனால் பார்க்கிங் அட்டவணையில் வரும் மாற்றம் பெரும்பாலும் அவ்வளவு சத்தத்தோடு வராது. அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவில் சின்னத் திருத்தமாக, பேப்பரில் ஒரு சிறிய அறிவிப்பாக வந்துபோகும். ஆட்சேபிக்க ஒரே ஒரு மாசம். கார் வைத்திருப்பவர், பில்டர், கட்டடக் கலைஞர் எழுதுவார்கள். விசாரிப்பவர்கள் அவர்கள் எழுதியதைத்தான் படிப்பார்கள். காலையில் ஃபுட்பாத்தில் இடமில்லாமல் பூக்கூடையோடு ரோட்டில் இறங்கி நடக்கும் கிங்ஸ் சர்க்கிள் பூக்கார அம்மாவின் காகிதம் அந்த மனுக் கட்டுக்குள் இருக்காது.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இதே அரங்கில் உட்காருகிறேன். அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது ஒரே நாளில் அனுப்பிவிட, உங்கள் மனுவை இப்போதே எழுதி வைத்துவிடலாம். மராட்டியில் எழுதித் தர இரண்டு பிள்ளைகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கட்டடத்தின் சி.டி.எஸ். எண்ணை, அதாவது மனையின் நகர சர்வே எண்ணை, கொண்டுவாருங்கள், பிராபர்ட்டி கார்டில் இருக்கும். வீட்டின் அளவு, ஸ்டேஷனுக்கு நடக்க ஆகும் நிமிஷம், வீட்டில் வண்டி உண்டா இல்லையா, இவ்வளவும் போதும். மூன்றாம் மாடி அம்மாவிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். தன் மனுவைத் தானே தமிழில் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், நாம் பெயர்த்துக் கொடுத்தால் போதுமாம்.