இரவு பத்து மணிக்கு எந்த ஆஸ்பத்திரி?

(செங்கோட்டை வட்டாரக் கிராமம் ஒன்றின் வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, ஜமாத் பெரியவர் அவர்களே, சபை ஐயா அவர்களே, கேரளத்து ஆரியங்காவிலிருந்து மலை இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மலையாள நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய வியாபாரிகள் சங்கத்தாருக்கு நன்றி. சித்த மருத்துவர் அம்மா இன்று காலை முதல் நோயாளிகளைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

நோய் வந்தால் எங்கே போவது என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். எந்த நோய்க்கு எந்த இடம், அங்கே எப்படிப் போவது, செலவுக்கு என்ன வழி.

இக்கரைக்கு அக்கரை பச்சை. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. ஆனால் நம் ஊரில் சொல்வதற்குக் காரணம் அதிகம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் ஆரியங்காவும் ஒரே அரசின் கீழ் இருந்தன. அப்புறம் மலையில் மாநில எல்லை என்று ஒரு கோடு விழுந்தது. கல்யாணமும் சாவும் இன்றும் அந்த எல்லையைத் தாண்டித்தான் நடக்கின்றன. நோய் வந்தால் நம்மவர் "திருவனந்தபுரம் கொண்டு போ" என்கிறார். அங்கிருப்பவர் கண் மங்கினால் "மதுரைக்குப் போகலாம்" என்கிறார். இரண்டிலும் நியாயம் உண்டு. 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தேடி அவர் வருவது சரிதான். இதயத்துக்கும் மூளை நரம்புக்கும் ஸ்ரீசித்திரா மருத்துவமனை, புற்றுநோய்க்கு 1981 முதல் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையம் என்று நாம் திருவனந்தபுரம் போவதும் சரிதான். ஆனால் அதெல்லாம் நாள் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு, பகலில் போகும் இடங்கள். ராத்திரி ஓடுவதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி. பலசரக்குக் கடை. ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அள்ளிய சோறு வாய்க்குப் போகவில்லை, மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மதினி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கூடியவர்கள் என்ன செய்தோம்? கூட்டம் போட்டோம்! மச்சினன், "ஹைகிரவுண்டுக்கு விடு வண்டியை" என்றார், பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியைத்தான் சொன்னார். புனலூர் மருமகன், "திருவனந்தபுரமே போயிருவோம் மாமா, அங்க எனக்கு ஆள் தெரியும்" என்றார். சித்தி ஒருத்தி புறா ரத்தம் தடவினால் வாதம் இறங்கும் என்றாள். அதைக் கேட்டு இரண்டு பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறா தேடிப் போனார்கள். இதற்குள் பக்கத்துக் கிளினிக்கில் படுக்கவைத்து ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். "கேஸ் டிரபிள், காலையில் சரியாகிவிடும்" என்று சொன்னார்கள். பாட்டில் இறங்கியது, வாய் நேராகவில்லை. கடைசியில் மருமகன் பேச்சு ஜெயித்து, கார் மலை ஏறியது. புளியரை எஸ் வளைவு உங்களுக்குத் தெரியும். முன்னால் ஜல்லி ஏற்றிய லாரிகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஆரன் அடித்தால் லாரி என்ன செய்யும், பறக்குமா? போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்கு வாய் கோணியது?" மச்சினன் ஒரு நேரம் சொன்னார், மருமகன் ஒரு நேரம் சொன்னார். எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும் ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது.

பக்கவாதத்துக்குக் காரணம் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் அந்த ஊசியைப் போட முடியாது. ஸ்கேன் இருக்கிற இடம் தென்காசியில், அரைமணி தூரத்தில் இருந்தது. நாம் இருட்டில் மலையேறினோம். அண்ணாச்சி இன்றும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தராசைப் பிடிப்பது மகன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று அந்த ராத்திரி ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், கர்ப்பகாலப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மாத மாத்திரையும் இலவசம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளியே தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவும் கூடாது, கீறவும் கூடாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும்போது மந்திரிக்கப் போகாதீர்கள். நெஞ்சு வலி என்றால் ஈ.சி.ஜி. எடுக்கும் பக்கத்து இடம் முதலில், பெரிய இடம் அடுத்தது. மலைப்பாதையில் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை நம் அரசு ஏற்கிறது. 2021 டிசம்பரிலிருந்து இந்தத் திட்டம் இருக்கிறது.

இத்தனையும் பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? அதனால்தான் நான் போகிற ஊரிலெல்லாம் பலகை, பலகை என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். செங்கோட்டையிலிருந்து தென்மலை வரை ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஒரு பலகை வேண்டும். பாம்புக் கடிக்கு எங்கே, பக்கவாதத்துக்கு எங்கே, ராத்திரி டாக்டர் இருக்கும் இடம் எது, ஸ்கேன் எது, அங்கே போக ஆம்புலன்ஸ் எண் 108. தமிழிலும் மலையாளத்திலும், கண் தெரியாத கிழவியின் பேரன் வாசித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய எழுத்தில். அக்கரை ஆஸ்பத்திரியும் இருக்க வேண்டும், இக்கரை ஆஸ்பத்திரியும் இருக்க வேண்டும். டாக்டர் மாறினால், மிஷின் பழுதானால் அதையும் மாற்றி எழுத வேண்டும். அதற்கு இரண்டு மாவட்டச் சுகாதாரத் துறையும் பேசிக்கொள்ள வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். தகரம், பெயிண்ட், எழுதத் தெரிந்த ஒரு ஆள் போதும். காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்பதும் அதே பலகையில் வரட்டும். மூன்றாவது விஷயம் அதுதான்.

தென்காசி, கொல்லம் இரண்டு மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதியாகிவிட்டது. நூலகர் மேசையில் இருக்கிறது. இன்று கூட்டம் கலையும் முன் கையெழுத்துப் போடுங்கள். ஆரியங்காவு நண்பர்கள் மலையாளத்திலேயே போடலாம். பெயரோடு ஊரையும் எழுதுங்கள். பஸ் நிறுத்தம் பக்கத்தில் கடைச் சுவர் கொடுக்க முடிந்தவர்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.