தண்ணி ஊத்தினவர் பேர் என்ன?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, மழை மேகம் திரண்டும் எழுந்து போகாத பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நடுவர் கை மணிமேல் இருக்கிறது. நேரே பந்துக்கு வந்துவிடுகிறேன்.

"கால்பந்தில் வெற்றியைத் தேடித் தருவது கோலடிக்கும் முன்களமா, சமநிலையான நடுக்களமா?" இதுதான் தலைப்பு. நடுக்களமே என்று பேச வந்தேன். எழுதி வந்த தாள் சட்டைப்பையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "கல்யாணப் பந்தியில சாம்பார்க்காரனைக் கூப்பிடுவாங்க, பாயசக்காரனைத் தேடுவாங்க. நடுக்களத்துல ஆடுறவன் தண்ணி ஊத்துறவன். தண்ணி ஊத்தினவன் பேரை யாராவது கேட்டதுண்டா?" என்றார். பந்தலே கைதட்டியது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் நெஞ்சில் என்னமோ செய்தது.

தம்பி, இதே வார்த்தையை 1990களில் பிரான்சின் எரிக் கன்டோனா சொல்லியிருக்கிறார். அவரும் முன்களத்துக்காரர்தான், பெரிய ஆட்டக்காரர். தன் நாட்டு நடுக்கள வீரர் டிடியே டெஷாம்ப்ஸைப் பார்த்து, "அவர் தண்ணீர் சுமப்பவர்" என்றார். பிறகு என்ன நடந்தது? 1998 ஜூலை 12, பாரிஸ் புறநகர். பிரேசிலை 3-0 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் யார்? அந்தத் தண்ணீர் சுமந்தவர்! கன்டோனா ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடாமலே ஓய்வு பெற்றுவிட்டார்.

இன்னும் கேளுங்கள். அந்த இறுதிப் போட்டியின் மூன்று கோலில் இரண்டு ஜிடேன், ஒன்று பெட்டி. இருவருமே நடுக்களம். ஸ்ட்ரைக்கராக, அதாவது கோலடிக்கவென்றே முன்னால் நின்ற கிவார்க் அந்த உலகக் கோப்பை முழுக்க ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 20 வருஷம் கழித்து, 2018இல் மாஸ்கோவில், அதே டெஷாம்ப்ஸ் பயிற்சியாளராக நின்று மறுபடி கோப்பை வாங்கினார். அந்த அணியின் ஸ்ட்ரைக்கர் ஜிரூ அடித்த கோல் எத்தனை? அங்கேயும் பூஜ்யம். நடுவில் கான்டே, போக்பா, மட்வீடி. தண்ணீர் சுமந்தவருக்குத் தெரியும் ஐயா, எந்தக் கிணற்றில் ஊற்று இருக்கிறது என்று!

ஸ்பெயின் நாட்டு ரியல் மாட்ரிட் கிளப்பின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003இல் அங்கே நடுவில் காவல் நின்றவர் மகெலெலே. சம்பளம் கூட்டிக் கேட்டார், மறுத்தார்கள். அவர் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போனார். அதே கோடையில் மாட்ரிட்டுக்கு பெக்காம் வந்தார். ஜிடேன், ஃபிகோ, ரொனால்டோ, ரவுல், பெக்காம் என்று அத்தனை நட்சத்திரமும் ஒரே பந்தியில்! அந்த சீசன் லீக்கில் நான்காம் இடம். கடைசி ஐந்து லீக் ஆட்டமும் தோல்வி. மகெலெலே போய்ச் சேர்ந்த செல்சியோ 2004-05இல் 38 ஆட்டத்தில் 15 கோல் மட்டும் வாங்கி, 50 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. இதையெல்லாம் களத்தில் இருந்து பார்த்த ஜிடேன், 2016இல் மாட்ரிட்டுக்கே பயிற்சியாளராக வந்து என்ன செய்தார்? குரூஸ், மோட்ரிச் இருவருக்கும் பின்னால் கேஸ்மிரோவைக் காவல் நிறுத்தினார். மூன்று வருஷம் தொடர்ந்து, ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்!

சரி. இப்போது நான் ஒரு ராத்திரிக்குப் போக வேண்டும்.

2005 மே 25. வைகாசி முகூர்த்த நாள். இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, ஏசி மிலனும் லிவர்பூலும். நம் ஊரில் நள்ளிரவு 12.15க்கு ஆட்டம். எங்கள் தெரு மன்றத்து டிவி முன்னால் பத்துப் பதினைந்து பேர். ஆட்டம் தொடங்கி முதல் நிமிடத்திலேயே மிலனின் மால்டினி கோல். அப்புறம் அதே அணியின் கிரெஸ்போ, மறுபடி கிரெஸ்போ. இடைவேளையில் மிலன் 3-0. "முடிஞ்சு போச்சுடா" என்று ஒவ்வொருவராக லுங்கியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். மிச்சம் நானும் என் பெரியப்பாவும்.

பெரியப்பா அப்போதுதான் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை முடித்து வந்திருந்தார். சட்டையெல்லாம் ரச வாசம். இளவயதில் ஊர் அணிக்கு ஹாஃப், அதாவது நடுக்களம், ஆடியவர். நானும் எழுந்தேன். "உட்கார்றா. நடுவுல ஆள் இல்ல, அதான் ஓட்டை. அந்த மிலன்கார காகா பய ரோட்டுல நடக்குற மாதிரி நடந்து வர்றான். ஒருத்தன் நிக்கணும், ஒருத்தன் பிரிச்சுக் குடுக்கணும், ஒருத்தன் ஓடணும். மூணு பேரும் ஓடினா வீடு தொறந்து கிடக்கும்" என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மூன்று கோல் பின்தங்கிய அணி யாரை இறக்கும்? இன்னொரு ஸ்ட்ரைக்கரை. தம்பி பயிற்சியாளராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்! லிவர்பூல் பயிற்சியாளர் பெனிடெஸ் பின்களத்தில் ஒருவரை எடுத்துவிட்டு ஹாமனை இறக்கினார். ஹாமன் கோலடிக்க வந்தவரா? இல்லை. நிற்க வந்தவர். பெரியப்பா தொடையில் அடித்தார்: "வந்துட்டான்டா!"

ஹாமன் நின்றார். காகா வந்த ரோடு அடைபட்டது. அலோன்சோ பந்தைப் பிரித்தார். ஜெரார்டு ஓடினார். 54ஆம் நிமிடம், ஜெரார்டு தலையால் கோல். 56, ஷ்மிட்சர் கோல். 60, அலோன்சோ, பெனால்டியைக் கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தை மறுபடி அடித்து கோல்! மறுபடி சொல்கிறேன் ஐயா. ஐம்பத்து நான்கு, ஐம்பத்து ஆறு, அறுபது. ஆறே நிமிடம், மூன்று கோல். அடித்த மூவரும் யார்? சொல்லுங்கள் தாய்மார்களே... நடுக்களம், நடுக்களம், நடுக்களம்! நாங்கள் போட்ட சத்தத்தில் தூங்கப் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். 3-3 என்று சமநிலையில் நின்று, கடைசியில் பெனால்டியில் லிவர்பூல் வென்றபோது மணி மூன்று இருக்கும். லிவர்பூலுக்கு முதல் பெனால்டியை அடித்தவர், நிற்க வந்த அந்த ஹாமன்.

பெரியப்பாவுக்குக் கல்யாண மண்டபத்தில் என்ன வேலை என்று நான் இன்னும் சொல்லவில்லை.

பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை, தம்பி.

30 வருஷம் ஊற்றினார். சாம்பார்க்காரர் இலையைப் பார்த்து நடப்பார். பெரியப்பா முகத்தைப் பார்த்து நடப்பார். எந்தக் குழந்தை காரம் பட்டுக் கண் கலங்குகிறது, எந்தக் கிழவருக்குச் சோறு தொண்டையில் நிற்கிறது என்று பார்ப்பார். விக்கல் வருவதற்கு முன்னால் டம்ளர் நிறைந்திருக்கும். ஜக்கை உயரத் தூக்க மாட்டார்; டம்ளர் விளிம்பில் சாய்த்து, இலையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார். என் கல்யாணத்தில், "இன்னிக்கு நீங்க உட்காரணும் பெரியப்பா" என்று கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்கார வைத்தேன். பாதிச் சாப்பாட்டில் இலையில் ஆளைக் காணோம். பார்த்தால், எதிர் வரிசையில் யாரோ ஒரு பாட்டிக்கு இடது கையால் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். வலது கையில் இன்னும் பருப்புச் சோறு.

அவர் போன அன்று எங்கள் வாசலில் எனக்கு முகம் தெரியாதவர்கள் அவ்வளவு பேர் நின்றார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, "எங்க வீட்டுக் கல்யாணத்துல எம்புள்ளைக்குப் பொரையேறிச்சு, நான் பாக்குறதுக்குள்ள அவர் தண்ணியோட வந்து நின்னார். பேரைக்கூடக் கேக்காம விட்டுட்டேன் தம்பி, அவர் பேர் என்ன?" என்று கேட்டார்.

என் மகனுக்கு அந்தப் பேரைத்தான் வைத்திருக்கிறேன். பள்ளி அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான். அதோ, முன் வரிசையில் அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, மேடையை விட்டு இறங்கும்போது அவனிடம் பேர் கேட்டுவிட்டுப் போங்கள்.