கள்ளிச் செடியும் அதன் பாலும்

நேயர்களுக்கு வணக்கம். கள்ளி என்றதும் எல்லோருக்கும் முள்தான் நினைவுக்கு வரும். முள் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். நான் பேச வந்தது பாலைப் பற்றி.

ஒரு கிளையை ஒடித்தால், ஒடித்த இடத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு அரும்பும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிய ஆரம்பித்துவிடும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, தரையோடு படரும் அம்மான் பச்சரிசி, பாயின்செட்டியா எல்லாமே யூபோர்பியா என்ற ஒரே பேரினம்தான். சுமார் 2000 வகைகள், எல்லாவற்றிலும் பால் உண்டு. சப்பாத்திக்கள்ளிக்குப் பெயரில் மட்டும்தான் கள்ளி. அதை வெட்டினால் பால் வராது.

ஒருமுறை நடுவதற்காகக் கள்ளியில் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டிவிட்டு, வியர்வையைத் துடைக்கப் புறங்கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். கண் பற்றி எரிந்தது. அன்றிரவு இமையைத் திறக்கவே முடியவில்லை. அதிலிருந்து கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கள்ளியைத் தொடுவதில்லை. தோலில் பட்டால் வெறும் தண்ணீர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.

சரி, வெட்டிய போத்தை என்ன செய்வது? வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். அப்புறம் நிழலில் சில நாள் காயப்போடுங்கள். தொட்டுப் பார்த்தால் வெட்டுவாய் தோல் கட்டி வறண்டிருக்க வேண்டும். ஈரமாகவே நட்டால் அழுகிவிடும். மணல் தாராளமாகக் கலந்த மண், அடியில் ஓட்டையுள்ள தொட்டி, நல்ல வெயில், இவ்வளவுதான் கேட்கும். கள்ளி பெரும்பாலும் சாவது நம் அன்பினால்தான், அதாவது தினமும் ஊற்றும் தண்ணீரால். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தண்டின் அடி கொழகொழவென்றாகிவிட்டால், நல்ல பகுதி வரை வெட்டியெடுத்து, காயவைத்து, மறுபடி நடுங்கள்.

பாயின்செட்டியா மட்டும் இவ்வளவு வறட்சியைத் தாங்காது, மேல்மண் காய்ந்ததுமே தண்ணீர் வேண்டும். அதில் நாம் பூவென்று நினைக்கும் சிவப்பு, உண்மையில் இலை. நடுவிலிருக்கும் மஞ்சள் மணிகளில்தான் பூ இருக்கிறது. அந்த இலைகள் சிவக்க, சுமார் இரண்டு மாதம், இரவுதோறும் பதினான்கு மணி நேர இருட்டு தேவை. ஜன்னல் வழியே விளக்கு வெளிச்சம் பட்டால்கூடப் பச்சையாகவே நின்றுவிடும். மாலையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.