ஐஸ் ரிங்க் குத்தகைக்கு! எடுத்து நடத்த ஏன் ஆள் வருவதில்லை?

(காட்சி: குளச்சல், விடியற்காலை. ஐஸ் பார் உடைக்கும் சத்தம்.)

வணக்கம் மக்களே! குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. படகுக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள். இதே மாதிரி 50 கிலோ பார் ஆயிரம் சேர்த்தால் என்ன வரும் தெரியுமா? ஒரு முழு ஐஸ் ரிங்க், அதாவது ஐஸ் மேல் சறுக்கி விளையாடும் ஸ்கேட்டிங் தரை! அப்படி ஒன்றைக் கட்டி வைத்திருக்கும் பிரிட்டன் நகராட்சி ஒன்று, "குத்தகைக்கு எடுத்து நடத்த வாருங்கள்" என்று கூப்பிட்டால் நீங்கள் போவீர்களா?

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் பல ஊர்களில் நூலகம், நீச்சல்குளம் போல ஐஸ் ரிங்கும் நகராட்சி சொத்து. கையில் காசு குறைந்து கரண்ட் பில் ஏறும்போது குத்தகைக்கு ஆள் தேடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் பூட்டுதான்.

இப்போது நம் ஐஸ் பிளான்ட்டுக்குள் வாருங்கள்.

(காட்சி: உப்புத் தண்ணீர் தொட்டி, அதில் வரிசையாகத் தகரக் கேன்கள்.)

இந்தத் தொட்டியில் இருப்பது கெட்டியான உப்புத் தண்ணீர். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அமோனியா கம்ப்ரசர் அதைக் குளிர்விக்கிறது, கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஐஸாகிறது. ஐஸ் ரிங்கிலும் இதே வேலைதான். இங்கே கேன் உப்புத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே உப்புத் தண்ணீர் தரைக்குள் ஓடுகிறது. கான்கிரீட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய். அதன் மேல் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வெறும் 3 சென்டிமீட்டர் கனத்தில் ஐஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 50 டன். அதுதான் அந்த ஆயிரம் பார்.

இதைவிட அருமையான கதை ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் ஃபிராங்க் சாம்போனி என்று ஒருவர். நம் ஐஸ் கம்பெனி முதலாளிகள் மாதிரியே ஐஸ் கட்டி செய்து விற்றவர். ரயிலில் போகும் காய்கறிக்கு அவருடைய ஐஸ்தான் போனது. குளிர்சாதனம் பரவியதும் வியாபாரம் படுத்தது. அவர் என்ன செய்தார்? தெரிந்த தொழிலை வைத்தே பாரமவுண்ட் என்ற ஊரில் 1940இல் ஐஸ் ரிங்க் திறந்துவிட்டார்! ஸ்கேட்டிங் ஓடி ஓடித் தரை கீறலாகும். அதைச் சரிசெய்ய ஆட்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1949இல் அவரே ஒரு வண்டி செய்தார். மேல் ஐஸைச் சீவும், கழுவும், மெல்லிசாகத் தண்ணீர் விட்டுப் போகும். இன்றைக்கும் அந்த வண்டிக்கு அவர் பெயர்தான்: சாம்போனி. ஐஸ் கட்டி விற்ற மனிதர்! எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, குத்தகைச் சிக்கலே அதில்தான். ஐஸ் பிளான்ட்டில் பார் வண்டி ஏறியதும் காசு. ரிங்க் நடத்துபவர் ஐஸை விற்பதில்லை, ராத்திரி பகலாகக் காவல் காக்கிறார். நம் ஊரில் சைக்கிள் ஸ்டாண்டு ஏலம் எடுத்தவருக்குக் கூட்டம் இல்லாத நாளில் வருமானம் குறையும், அவ்வளவுதான். ரிங்கில் ஒரு ஆள் வராவிட்டாலும் கம்ப்ரசர் ஓடியாக வேண்டும். போதாததற்கு, பழைய மெஷின்களில் குளிர்விக்க ஓடிய ஆர்-22 என்ற வாயு ஓசோனைக் கெடுக்கும் என்பதால், 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் (அப்போது பிரிட்டனும் அதில் இருந்தது) அதை மறுபடி நிரப்ப முடியாது. வாயுவையோ மெஷினையோ மாற்ற வேண்டியதுதான். அந்தச் செலவையும் குத்தகைக்காரர் தலையில் வைத்தால் யார் வருவார்?

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டேராடூனே சாட்சி. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அரசு கட்டிய ரிங்க், நடத்தும் செலவு தாங்காமல் பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 2025இல்தான் மறுபடி திறந்தார்கள்.

"எதற்கு இந்த வீண் செலவு, மூடிவிடலாமே" என்பவர்களுக்குப் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் நகரைக் காட்டுவேன். ஜேன் டார்வில் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். கிறிஸ்டோபர் டீன் போலீஸ்காரர். இருவரும் அந்த ஊர் ரிங்கில் ஜோடியாக ஐஸ் நடனம் பழகியவர்கள், நகராட்சி பணம் கொடுத்துத் தாங்கியது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண் 6.0 போட்டார்கள்! தங்கம்! அதே நகராட்சி 2023 நவம்பரில், வரவு செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று சட்டப்படி அறிவிக்கும் நிலைக்கு வந்தது.

நான் நகராட்சிக்காரராக இருந்தால் மெஷின் பழுதை நானே ஏற்பேன். குத்தகையை நீண்ட காலத்துக்குக் கொடுப்பேன், பள்ளிப் பிள்ளைகளுக்கான நேரத்தைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குவேன். கம்ப்ரசர் வெளியே தள்ளும் சூட்டைப் பக்கத்து நீச்சல்குளத்துக்குத் திருப்புவேன். பல ஊர்களில் இது நடக்கிறது.

துபாய் மால் ஐஸ் ரிங்கில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் யாராவது இதைப் பார்க்கிறீர்களா? ராத்திரி ஷிப்டில் அந்த ஐஸை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள் மக்களே. அடுத்த வீடியோவில் அதை இந்த ஐஸ் பிளான்ட் அண்ணனிடமே படித்துக் காட்டுகிறேன்.