கொழும்புல நிக்கிற பிரேக் லிப்டன் சீட்ல நிக்குமா? ஹப்புத்தளை இறக்கத்துக்கு சைக்கிள் ஆயத்தம்

வணக்கம் மக்களே. பின்னால தெரியுறது வெள்ளவத்தையில ஒரு கராஜ், முன்னால நாலு மவுண்டன் சைக்கிள், வாசல்ல கேடிஎச் வேன். நாலு பேர் சேர்ந்து ஹப்புத்தளைக்குப் போய், அதுக்கு மேல இருக்கிற லிப்டன் சீட்ங்கிற காட்சி முனையில இருந்து இறங்குறதுன்னா இங்க என்ன செஞ்சு முடிக்கணும்னு இன்னைக்குக் கதைப்போம். மேல இருந்து தெரியுற காட்சி எப்படின்னு சொல்ல நூறு வீடியோ இருக்கு. இதில பெரும்பகுதி பிரேக்தான்.

ஏன் பிரேக்? கொழும்பு தட்டையான ஊர். காலிமுகத்திடல்ல இருந்து தெஹிவளை வரைக்கும் காலி வீதியில ஓடினாலும் டிஸ்க், அதாவது வீலோட சுத்துற பிரேக் தட்டு, சூடாகிறதுக்கு வழியில்ல. அதால தேஞ்ச பேடும் (டிஸ்க்க அமுக்கிப் பிடிக்கிற கட்டை) பழைய ஒயிலும் இங்க நல்லாத்தான் வேலை செய்யும். குறை இருக்கிறதே தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. லிப்டன் சீட் கிட்டத்தட்ட 1970 மீட்டர் உயரம், ஹப்புத்தளை டவுன் 1430. வித்தியாசம் 540 மீட்டர். ஆள் 75 கிலோ, சைக்கிள் 15 கிலோ. இந்த 90 கிலோ அவ்வளவு தூரம் கீழ வந்தா வாற சக்தி, ஒன்றரை லீட்டர் பச்சத் தண்ணியக் கொதிக்க வைக்கிற சூட்டுக்குக் கிட்ட வரும். காத்து கொஞ்சத்த எடுத்துக்கும். மிச்சத்த உங்கட ரெண்டு டிஸ்க்கும் நாலு பேடும்தான் வாங்கணும்.

இப்ப கிட்ட வாங்க. வீல கழட்டிட்டு இந்த இடுக்குக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்க. ஷிமானோ, ஸ்ரேம் ரெண்டும் பிரேக் செய்யிற கம்பனி. ஷிமானோ பேட்ல தேயுற பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்தா மாத்தியே ஆகணும். பயணத்துக்குன்னா நான் ஒரு மில்லிமீட்டர்லயே மாத்தச் சொல்லுவேன், ஈர மண் இருந்தா ஒரே நாள்ல அது கரைஞ்சிடும். ஸ்ரேம்ல கணக்கு வேற: பேடும் அது ஒட்டியிருக்கிற தகடும் சேர்த்து 3 மில்லிமீட்டருக்குக் கீழ வரக்கூடாது. ஷிமானோ டிஸ்க் புதுசுல 1.8, அது 1.5க்கு வந்தா தூக்கிப் போடுங்க. மெல்லிசான டிஸ்க் சூட்டத் தாங்காது, வளையும்.

பேட் ரெண்டு வகை. ரெசின் பேட் சத்தம் இல்லாம மெதுவாப் பிடிக்கும், நீண்ட இறக்கத்தில சீக்கிரம் களைச்சிடும். மெட்டல் பேட் கொஞ்சம் கத்தும், ஆனா சூட்டத் தாங்கும். இந்தப் பயணத்துக்கு மெட்டல். வாங்க முதல் டிஸ்க்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, ரெசின் பேட் மட்டும்னு பொறிச்ச மலிவு டிஸ்க்குகளும் இருக்கு. அதில மெட்டல் பேட் போட்டா டிஸ்க்கத் தின்னுடும்.

புது பேட் போட்டு நேரா மலைக்குப் போகாதீங்க. ஞாயிற்றுக்கிழமை விடிய, வாகனம் இல்லாத ஒரு ரோட்டில, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில போய் நடக்கிற வேகத்துக்கு இறக்கணும். வீல் இறுகக் கூடாது, முழுசா நிக்கவும் கூடாது. முன் பிரேக்குக்கு 20 தரம், பின் பிரேக்குக்கு 20 தரம். பேட்ல இருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்ல சமமாப் படியிறதுக்குத்தான் இது. அந்தப் படலம் இல்லாட்டி பிடிமானம் பாதிதான்.

ஒயில் விசயத்தில பிழை விடுறவங்க நிறைய. ஷிமானோவுக்கு மினரல் ஒயில். ஸ்ரேம்ல பெரும்பாலானதுக்கு டொட் 5.1ன்னு வேற வகை பிரேக் ஒயில், சில புது மொடல்கள் மினரல். லீவர் மேலயே எழுதியிருக்கும், வாசிங்க. மாறி ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பர் சீல் கெட்டு மொத்த பிரேக்கும் போயிடும். டொட் காத்தில இருக்கிற ஈரத்தக் குடிக்கும், குடிக்கக் குடிக்க கொதிநிலை இறங்கும். கொழும்புக் காத்தில ஈரத்துக்குப் பஞ்சமா? வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. அவசரத்துக்கு மோட்டார் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில கிடைக்கிற டொட் 4 ஊத்தலாம். டொட் 5 மட்டும் வேணாம், அது சிலிக்கோன், வேற சாதி. மினரல் ஒயில் மலையில எந்தக் கடையிலயும் கேக்காதீங்க, இங்கயிருந்தே கொண்டு போங்க.

இறங்குறப்ப என்ன பழுதாகுதுன்னு லீவரே சொல்லும். லீவர் வழமை போல இறுக்கமா இருக்கு, ஆனா சைக்கிள் நிக்குதில்லன்னா பேட் சூடாகிட்டு. லீவர் பஞ்சு மாதிரி ஹேண்டில் வரைக்கும் வந்தா உள்ள ஒயில் கொதிச்சு ஆவியாகிட்டு. இதில ரெண்டாவதுதான் ஆபத்து, முன்னறிவித்தல் குறைவு. ரெண்டுக்கும் வைத்தியம் ஒன்னு: இறங்கி நில்லுங்க, பத்து நிமிசம் ஆறவிடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளையும். இது வராம இருக்கணும்னா இழுத்துக்கொண்டே பிரேக் பிடிக்கிற பழக்கத்த விடணும். வளைவுக்கு முதல் பலமா, சுருக்கமாப் பிடிச்சு, வளைவுக்குள்ள முழுசா விட்டிடணும். ஒரு விரல் போதும். மிச்ச மூனு விரலும் ஹேண்டிலுக்கு.

அடுத்தது காத்து. இதில ஒரு சுவாரசியம் இருக்கு. மேல போகப் போக வெளி அழுத்தம் குறையுது, அதால டயர் மீட்டர்ல 3 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கூடக் காட்டணும். ஆனா கொழும்புல 32 பாகை, விடிய மேல 15 பாகை. குளிர் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐயக் குறைச்சிடும். ஆக இங்க 25 அடிச்ச டயர் அங்க 26 அளவில நிக்கும், தொடத் தேவையில்ல. பின் ஷொக்ல கதை வேற. 200 பிஎஸ்ஐ இருந்தா அதே குளிர் 12 பிஎஸ்ஐ அளவு இறக்கிடும், உயரம் 3 கூட்டினாலும் 9 குறைஞ்சுதான் நிக்கும். ஷொக் பம்ப மேல கொண்டு போய் சேக், அதாவது நீங்க ஏறி இருந்தா ஷொக் எவ்வளவு அமுங்குதுன்னு, பாத்து அடிங்க. பின்னால 30 சதவீதம், அதாவது 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில 18. முன் ஃபோர்க்குக்கு 20 சதவீதம். பம்பக் கொழுவினதும் மீட்டர் குறையக் காட்டும், காத்து பம்ப் குழாய்க்குள்ள போறதுதான் காரணம், பயப்பட வேணாம்.

75 கிலோ ஆளுக்கு 2.4 டயர் டியூப்லெஸ்ல முன்னால 23, பின்னால 26. டியூப் போட்டிருந்தா நாலஞ்சு கூட்டுங்க, இல்லாட்டி கல்லுல மோதினதும் ரிம் டியூப்பக் கடிச்சு பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. சீலன்ட், அதாவது ஓட்டைய அடைக்க டயருக்குள்ள ஊத்துற திரவம், 29 இஞ்சி வீலுக்கு 100 மில்லிலீட்டருக்குக் குறையாம. நம்ம வெயில்ல ரெண்டு மூனு மாசத்தில காஞ்சிடும், ஆட்டிப் பாருங்க, சத்தம் வரணும். டயர் பக்கவாட்டில கிழிஞ்சா உள்ளுக்குள்ள வைக்க பழைய பற்பசை டியூப் வெட்டின துண்டு ஒன்னு. சிரிக்காதீங்க, வீடு வந்து சேர்க்கும்.

புறக்கோட்டை சைக்கிள் கடையில டியூப், செயின், கேபிள் வாங்கலாம். டிரெயிலியர் ஹேங்கர், அதாவது பின் கியர ஃப்ரேமோட பூட்டுற சின்னத் துண்டு, மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒவ்வொன்னு. நாலு சைக்கிளுக்கு நாலு ஹேங்கர், பெயர் எழுதி.

வேன்ல ஏத்துறது லேசு. முன் வீலக் கழட்டி, ஒன்னு முன் பாத்து, அடுத்தது பின் பாத்து நிப்பாட்டுங்க. வீல் இல்லாத பிரேக்குக்குள்ள பிளாஸ்டிக் தடுப்பு வைங்க, காட்போட் மட்டையும் சரி. யாராவது கை தவறி லீவர அமத்தினா பிஸ்டன் வெளிய வந்திடும், பிறகு டிஸ்க் உள்ள போகாது.

பாதை அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொட, பெரகல, ஹப்புத்தளை. கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர், அஞ்சு மணித்தியாலம் வைங்க. ஊவாப் பக்கம் ஜூன்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும் காஞ்சிருக்கும், ஆனா அதே நேரம் இரத்தினபுரியில மழை கொட்டும். மலை காஞ்சிருக்குன்னு கிளம்பி கீழ ரோட்டில வெள்ளத்தில நிக்கலாம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்கள்ல இடி மழை. மண்சரிவு எச்சரிக்கை இருந்தா போகவே வேணாம். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தயில மண்சரிவு நடந்தது இந்த மலைச்சரிவிலதான்.

லிப்டன் சீட்ல இருந்து தம்பேதென்ன ஃபெக்டரி வரைக்கும் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஒடுங்கின தோட்டத்து ரோட்டு. காலையில த்ரீவீலர் மேல வந்துகொண்டே இருக்கும், குருட்டு வளைவு எல்லாத்திலயும் ஒன்னு வருதுன்னே நினைங்க. குறுக்குப் பாதையில இறங்க ஆசைன்னா முதல்ல தோட்டத்து ஆபீஸ்ல கேளுங்க. அது கொழுந்து எடுக்கிற அக்காமார் நடக்கிற பாதை. முதுகில பாரத்தோட வந்தா சைக்கிள விட்டு இறங்கி ஓரமா நில்லுங்க.

அந்தப் பாதையில ரெண்டு ஆபத்து. ஒன்னு கான். தண்ணி வடிய மலைக்குக் குறுக்க வெட்டியிருப்பாங்க, மேல புல்லு மூடிக் கிடக்கும், முன் வீல் விழுந்தா ஆள் ஹேண்டிலுக்கு மேலால போவார். அதால முதல் இறக்கம் நடந்து. ரெண்டாவது கவ்வாத்து வெட்டின மலை. வெட்டின தேயிலைக் குச்சி ஒவ்வொன்னும் ஈட்டி மாதிரி நிக்கும், விழுந்தா ஹெல்மெட் காப்பாத்தாது. கவ்வாத்து மலைப் பக்கம் போகவே வேணாம். அடிபட்டா 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்ல. எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலைன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

வேன் ஓடுறவர் அந்தத் தடவை சைக்கிள் ஓட மாட்டார், முறை வைச்சு மாறுங்க. ஹப்புத்தளையில இருந்து பெரகலக்கு வேன இறக்குறப்ப ரெண்டாம் கியர், ஒட்டோன்னா எல். சைக்கிளுக்குச் சொன்ன அதே சூடுதான் அங்கயும். வந்து சேர்ந்ததும் அன்றைக்கே செயினக் கழுவிக் காயவைச்சு ஒயில் போடுங்க. வெள்ளவத்தைக் கடல் காத்துக்கு ஈர செயின் துருப்பிடிக்க ஒரு ராத்திரி காணும்.